கபடிக்கு மைக் பிடிக்கப் போகிறீர்களா? டெல்டாவின் புதிய வர்ணனையாளர்களுக்கு

சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் காவிரி டெல்டாவில் கபடிக் காலம் தொடங்கிவிடும். பொங்கல் விளையாட்டு, கோயில் திருவிழா, மின்னொளிப் போட்டி என்று, மேட்டூர் திறந்து குறுவைக்குத் தண்ணீர் வந்து சேரும்வரை ஏதாவது ஒரு ஊரில் ஆட்டம் நடந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு வருடமும் இந்தக் காலத்தில் புதிதாக இளைஞர்கள் மைக் பிடிக்க ஆசைப்பட்டு வருகிறார்கள். குரல் இருக்கிறது, ஆர்வம் இருக்கிறது, ஆனால் எங்கிருந்து தொடங்குவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. பல வருடங்களாக இந்த வேலையில் இருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை இங்கே வரிசைப்படுத்திச் சொல்கிறேன். கபடியை வைத்தே சொல்கிறேன். வாலிபாலுக்கும் கால்பந்துக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: யாருக்காகப் பேசுகிறீர்கள்? ஆடுகளத்தைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் முதல் இரண்டு வரிசைக்குத்தான் ஆட்டம் முழுதாகத் தெரியும். பின்னால் நிற்பவர்களுக்குத் தலைகள்தான் தெரியும். மாடியில் உட்கார்ந்திருக்கும் பெண்கள், திண்ணையை விட்டு எழுந்து வர முடியாத பெரியவர், கடை போட்டிருப்பதால் நகர முடியாத பஜ்ஜிக் கடைக்காரர், இவர்கள் எல்லோருக்கும் உங்கள் குரல்தான் கண். இப்போது யூடியூப் நேரலையும் சேர்ந்துவிட்டது. சிங்கப்பூரில் வேலை முடிந்து போகும்போது சொந்த ஊர் ஆட்டத்தைக் காதில் மாட்டிக் கேட்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆட்டத்தைப் பார்க்க முடியாதவருக்காகப் பேசுங்கள். பார்த்துக்கொண்டிருப்பவருக்கும் அதில் குறை இருக்காது.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் அல்ல. வின் ஸ்கல்லி என்று ஒரு அமெரிக்க பேஸ்பால் வர்ணனையாளர். 1950 முதல் 2016 வரை 67 சீசன்கள் டாட்ஜர்ஸ் என்ற ஒரே அணிக்கு வர்ணனை செய்தவர். அந்த அணி 1958இல் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தபோது முதல் நான்கு வருடங்கள் கொலோசியம் என்ற மிகப் பெரிய மைதானத்தில் ஆடியது. இருக்கைகள் வெகு தூரத்தில் இருந்ததால், டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவர்களே டிரான்சிஸ்டர் ரேடியோவைக் கையோடு கொண்டுவந்து, கண்ணெதிரே நடக்கும் ஆட்டத்தை அவர் குரல் வழியாகக் கேட்டார்கள். நம் ஊர்த் திடலின் பின்வரிசைக்காரர்கள் நிலையும் இதுவேதான்.

விதிகளை அம்பயர் அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள்

ஆட்டம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். ஆடத் தெரிவது வேறு, ஒவ்வொரு விநாடியும் என்ன நடந்தது என்று தப்பில்லாமல் சொல்லத் தெரிவது வேறு. ஆண்களுக்கான ஆடுகளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பெண்களுக்கு 12க்கு 8. ஆண்கள் ஆடுகளத்தில் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் தடுப்புக்கோடு, அதற்கு அப்பால் இன்னும் ஒரு மீட்டரில் போனஸ் கோடு. ரெய்டுக்குப் போகிறவர் யாரையும் தொடாமல் திரும்புவதானால் தடுப்புக்கோட்டையாவது தாண்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் அவரே அவுட். ரெய்டுக்கு 30 விநாடி. எதிரில் ஆறு பேரோ ஏழு பேரோ இருந்தால் மட்டுமே, போனஸ் கோட்டைத் தாண்டியதற்கான போனஸ் பாயிண்ட் செல்லும். போனஸால் வெளியே இருக்கும் ஆள் உள்ளே வர முடியாது. மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருந்து ரெய்டரைப் பிடித்துவிட்டால் சூப்பர் டேக்கிள், கூடுதலாக ஒரு பாயிண்ட். எதிரணி முழுவதையும் வெளியேற்றினால் லோனா, கூடுதலாக இரண்டு. இரண்டு ரெய்டு வரிசையாக வெறுமனே போனால் மூன்றாவது டூ ஆர் டை, அதில் பாயிண்ட் எடுக்காவிட்டால் ரெய்டர் அவுட்.

இவையெல்லாம் மனப்பாடமாக இருக்க வேண்டும். ஆனாலும் ஊர்ப் போட்டியில் எல்லா விதியும் அப்படியே இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். முறையான ஆட்டத்தில் ஆண்களுக்கு ஒரு பாதி 20 நிமிடம், நடுவில் 5 நிமிட இடைவேளை. இரவுக்குள் இருபது முப்பது அணிகளை ஆடி முடிக்க வேண்டிய கமிட்டி அந்த நேரத்தைக் குறைத்துவிடும். டூ ஆர் டை உண்டா, சூப்பர் டேக்கிள் உண்டா, சமன் ஆனால் என்ன செய்வார்கள், எடைக் கபடியாக இருந்தால் எத்தனை கிலோ வரை, இவற்றை முதல் ஆட்டத்துக்கு முன்பே அம்பயரிடம் கேட்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதை மைக்கில் ஒருமுறை அறிவித்துவிடுங்கள். நடு இரவில் வரும் பாதித் தகராறு அந்த ஒரு அறிவிப்பிலேயே நின்றுவிடும்.

கற்றுக்கொள்ள நல்ல இடம் ஸ்கோரருக்குப் பக்கத்து நாற்காலி. மைக் கேட்டுப் போகாதீர்கள், ஸ்கோர் எழுதக் கேட்டுப் போங்கள். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் மாவட்ட அளவில் நடக்கும்போது தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கம் மாதிரியான இடங்களுக்குப் போய் உட்காருங்கள். அங்கே பள்ளி, கல்லூரி, பொதுப்பிரிவு எனப் பகல் முழுக்க ஆட்டம் நடக்கும். விதிப்படி நடக்கும் ஆட்டத்தை அடுத்தடுத்துப் பார்க்க அதைவிட வசதியான இடம் கிடையாது. வடுவூர் போல ஊரே கபடி பேசும் இடங்களில் பயிற்சி ஆட்டம் பார்க்கப் போனாலும் நல்லது. பயிற்சியில்தான் ஓரத்தில் நிற்கும் தடுப்பாட்டக்காரரான கார்னர் எப்படிக் காத்திருக்கிறார், அவருக்கு உள்பக்கம் நிற்கும் கவர் எப்போது சேர்கிறார் என்பதைப் பொறுமையாகப் பார்க்க முடியும். இந்திய அணியில் ஆடி, 2016இல் புரோ கபடி லீக்கில் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வென்ற தர்மராஜ் சேரலாதன் தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர். அவர் கார்னரில் நின்று ரெய்டரின் காலைப் பிடிக்கும் பழைய ஆட்டங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. பந்தைப் பார்ப்பதுபோல ரெய்டரை மட்டுமே பார்க்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், அந்த ஆட்டங்களைப் போட்டு ரெய்டரை விட்டுவிட்டு கார்னரை மட்டும் பாருங்கள். பிடி விழுவதற்கு முன்பே அது விழப்போகிறது என்று கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

ஒரு ரெய்டைச் சொல்லிப் பழகுதல்

முழு ஆட்டத்தையும் சொல்லிப் பழக வேண்டாம். ஒரே ஒரு ரெய்டு. கைபேசியில் ஒரு ஆட்டத்தை ஓடவிட்டு ஒலியை அணைத்துவிடுங்கள். இன்னொரு கைபேசியில் உங்கள் குரலைப் பதிவு செய்யுங்கள். 30 விநாடிக்குள் ஐந்து செய்தி வர வேண்டும்: எந்த அணி ரெய்டு, யார் போகிறார், எதிரே எத்தனை பேர், என்ன நடந்தது, இப்போது ஸ்கோர் என்ன. இந்த ஐந்தும் வந்த பிறகுதான் அழகு, உவமை, உற்சாகம் எல்லாம்.

உதாரணத்துக்கு, ஒரத்தநாடு அணியும் நீடாமங்கலம் அணியும் ஆடுவதாக வைத்துக்கொள்வோம்.

“ஒரத்தநாடு ரெய்டு. ஏழாம் நம்பர் உள்ளே வர்றார். எதிரே ஆறு பேர், போனஸ் இருக்கு. தடுப்புக்கோட்டைத் தாண்டிட்டார். குளத்துப் பக்கம் போறார். கார்னர் பின்னால போறார். கால் நீட்டுறார்... போனஸ் இல்லை, திரும்புறார். பாஞ்சுட்டார் கார்னர்! கணுக்காலைப் பிடிச்சுட்டார்! கவரும் சேர்ந்தாச்சு. இழுக்கிறார், கை நடுக்கோட்டுக்கு வருது... வருது...”

இங்கே நிறுத்துங்கள். அம்பயர் கை தூக்கட்டும்.

“நீடாமங்கலத்துக்கு ஒரு பாயிண்ட். ஒரத்தநாடு பதினாலு, நீடாமங்கலம் பதிமூணு. ஒரத்தநாட்டுல அஞ்சு பேர் பாக்கி. நீடாமங்கலம் மறுபடியும் ஏழு பேர்.”

சின்னச் சின்ன வாக்கியங்களாக இருப்பதைக் கவனியுங்கள். வினைச்சொல் சீக்கிரம் வருகிறது. “மிகச் சிறப்பாக விளையாடிக்கொண்டிருக்கக்கூடிய நமது ஏழாம் நம்பர் வீரர் அவர்கள்” என்று தொடங்கினால், நீங்கள் வினைச்சொல்லுக்கு வந்து சேர்வதற்குள் அவர் அவுட்டாகி வெளியே போயிருப்பார். தமிழில் வினை கடைசியில் வருவது வர்ணனைக்கு ஒரு சவால்தான். அதற்கு ஒரே வழி வாக்கியத்தைக் குட்டையாக்குவது. “பாஞ்சுட்டார் கார்னர்” என்று வினையை முன்னால் போடுவதும் பேச்சுத் தமிழில் இயல்பாக வரும். கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள்.

பதிவைத் திரும்பக் கேட்கும்போது கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஆட்டம் தெரிகிறதா? “பாத்தீங்கன்னா”, “அருமையான”, “இதோ இதோ” எத்தனை தடவை வருகிறது என்று கோடு போட்டு எண்ணுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் வந்து விழும் சொற்கள் இவை. அந்த இடத்தில் ஸ்கோரைச் சொல்லிப் பழகினால் தாமாகவே குறையும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டு திடல் எல்லாம் சேறாகக் கிடக்கும் மாதங்களில் இந்தப் பயிற்சியை விடாமல் செய்யுங்கள். தை பிறந்த பிறகு கற்றுக்கொள்ள நேரம் இருக்காது.

ஸ்கோர், ஸ்கோர், ஸ்கோர்

புதியவர்கள் எல்லோரும் குறைவாகச் சொல்வது ஸ்கோர். தங்களுக்குத் தெரியும் என்பதால் எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிடுகிறார்கள். வின் ஸ்கல்லியை வர்ணனைக்குக் கொண்டுவந்த ரெட் பார்பர், மைக் பக்கத்தில் ஒரு சின்ன மணல் கடிகாரம் வைத்திருப்பார். முட்டை வேகவைக்க மூன்று நிமிடம் பார்க்க உதவும் சாதனம் அது. மணல் இறங்கி முடிந்ததும் ஸ்கோரைச் சொல்லிவிட்டு அதைத் திருப்பி வைப்பார். அப்போதுதான் ரேடியோவைப் போட்டவருக்கும் ஆட்டம் புரிய வேண்டும் என்பது அவர் கணக்கு.

கபடியில் மூன்று நிமிடம் ரொம்ப அதிகம். பாயிண்ட் விழும் ஒவ்வொரு முறையும் ஸ்கோர், வெற்று ரெய்டு இரண்டு மூன்று வந்தாலும் ஒரு முறை ஸ்கோர். அதோடு ஆட்கள் எண்ணிக்கை. மற்ற ஆட்டங்களைவிட கபடியில் இதற்கு மதிப்பு அதிகம். பத்து பாயிண்ட் முன்னிலையில் இருக்கும் அணியிலும் இரண்டே பேர் களத்தில் இருந்தால் லோனா கழுத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அதைக் கூட்டத்துக்கு முன்கூட்டியே உணர்த்துவது உங்கள் கையில் இருக்கிறது. கடைசி ஐந்து நிமிடத்தில் மீதி நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நேரத்தை ஊகமாகச் சொல்லாதீர்கள், டைம் கீப்பர் கண்ணில் படுகிற மாதிரி உட்காருங்கள்.

இடம் சொல்வதிலும் ஒரு முறை வேண்டும். 1927 ஜனவரியில் பிபிசி முதன்முதலாக அர்செனல், ஷெஃபீல்டு யுனைடெட் கால்பந்து ஆட்டத்தை நேரலையாக ஒலிபரப்பியபோது, மைதானத்தைக் கட்டங்களாகப் பிரித்து எண் போட்ட படத்தைத் தன் வானொலி இதழில் அச்சிட்டுக் கொடுத்தது. பந்து எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஒருவர் எண்ணைச் சொல்வார், வீட்டில் இருப்பவர் படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார். நமக்குப் படம் தேவையில்லை, ஊரே அடையாளம் தரும். “இடது”, “வலது” என்றால் யாருக்கு இடது என்ற குழப்பம் வரும். “கோயில் பக்கம்”, “குளத்துப் பக்கம்” என்று சொன்னால் ஊரில் எல்லோருக்கும் விளங்கும். ஆட்டம் தொடங்கும்போதே அறிவித்துவிட்டு அதையே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். நேரலையும் இருந்தால், “திரையில் உங்களுக்கு இடது கைப்பக்கம் குளம்” என்று இடைவேளைக்கு இடைவேளை ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

பெயர்களும் எண்களும்

அணிப் பட்டியல் கைக்கு வரும்போது அவசரமாகக் கிறுக்கிய தாளாகத்தான் இருக்கும். ஒரே அணியில் இரண்டு கார்த்திக், மூன்று மணி. அதனால் அணி உடற்பயிற்சி செய்யும் நேரத்தில் நீங்களே போய் மேனேஜரிடம் கேளுங்கள். பனியன் எண், பெயர், எங்கே நிற்பார், ரெய்டரா கேட்சரா, இவ்வளவு போதும். பெயரை அவர்கள் சொல்கிறபடி எழுதுங்கள், பட்டப்பெயரை வீரர் சம்மதித்தால் மட்டும் சொல்லுங்கள். ஏழு இடங்களையும் படமாக வரைந்து, அந்தந்த இடத்தில் எண்ணை எழுதிக்கொண்டால் ஒரு பார்வையில் கண்ணில் படும். பெயர் சந்தேகமாக இருந்தால் எண்ணை மட்டும் சொல்லுங்கள். தப்பான பெயரைச் சொல்லிவிட்டால், பாயிண்ட் எடுத்த பையனின் அப்பா கூட்டத்தில் நிற்கும்போது அந்தக் குடும்பத்துக்கு அது வலிக்கும். ஆட்டத்துக்காகக் கூலி வேலையை விட்டுவிட்டுப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள் இவர்கள். ஊர் நடுவே தன் பெயர் சரியாக ஒலிப்பது பல பேருக்குக் கோப்பையைவிடப் பெரிய விஷயம்.

அம்பயருக்கு முந்தாதீர்கள்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. 2023 அக்டோபரில் ஹாங்சோவில் ஆசிய விளையாட்டு ஆண்கள் இறுதி ஆட்டம். இந்தியாவும் ஈரானும் 28க்கு 28 சமனில், ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் இந்தியாவின் பவன் செராவத் டூ ஆர் டை ரெய்டுக்குப் போனார். யாரையும் தொடுவதற்கு முன் லாபிக்குள், அதாவது ஆடுகளத்தின் பக்கவாட்டு ஓரப் பட்டைக்குள், கால் வைத்துவிட்டார், பின்னாலேயே ஈரான் தடுப்பாட்டக்காரர்களும் லாபிக்குள் போய்விட்டார்கள். யாருக்கு எத்தனை பாயிண்ட் என்று தீர்மானிக்க முடியாமல் ஆட்டம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நின்றது. கடைசியில் 33க்கு 29 என்று இந்தியா தங்கம் வாங்கியது. உலகத் தரமான நடுவர்கள் கூடிய இடத்திலேயே இப்படி என்றால், குழல்விளக்கு வெளிச்சத்தில் சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்த மண் தரையில் உங்கள் கண்ணை எவ்வளவு நம்ப முடியும்?

நீங்கள் மைக்கில் “பாயிண்ட்!” என்று கத்திவிட்டு, அம்பயர் வேறு பக்கம் கை காட்டினால் கூட்டம் அம்பயர் மேல் பாயும். அந்தக் கோபத்தை உருவாக்கியவர் நீங்கள். ஆகவே பிடியைச் சொல்லுங்கள், இழுபறியைச் சொல்லுங்கள், முடிவை அம்பயர் கையிலிருந்து எடுத்துச் சொல்லுங்கள். முடிவு தவறு என்று தோன்றினாலும் மைக்கில் அதை விமர்சிக்கக் கூடாது. அணித் தலைவர் முறையிட வழி இருக்கிறது, அது அவர் வேலை.

மைக் செட்காரரை மதியுங்கள்

மைக் செட் அண்ணனோடு நல்ல உறவு இல்லாதவர் இந்த வேலையில் நீடிக்க முடியாது. முன்னதாகவே போய் அவரோடு உட்காருங்கள். உங்கள் இடம் ஒலிபெருக்கிக் குழாய்களுக்குப் பின்னால் இருக்க வேண்டும். குழாய் உங்கள் முகத்தைப் பார்த்தால் “வீல்” என்று கூவத் தொடங்கும். மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தள்ளி, நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்வாகப் பிடித்தால் “ப” எழுத்தில் காற்று வந்து மோதாது. உற்சாகம் வரும்போது மைக்கைத் தள்ளிப் பிடிக்க வேண்டும், கூட அழுத்தக் கூடாது. எல்லோரும் செய்வது இதற்கு நேர்மாறு.

இன்னொரு விஷயம், ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். தெருமுனையில் 170 மீட்டர் தள்ளிக் கட்டிய குழாயின் சத்தம் அரை விநாடி கழித்துத் திடலுக்கு வந்து சேரும். இரண்டு சத்தமும் ஒன்றோடு ஒன்று மோதி எதுவும் புரியாமல் போய்விடும். தூரக் குழாய் இருக்கும் இடத்தில் வேகமாகப் பேசினால் அது வெறும் இரைச்சல்தான். வாக்கியத்துக்கு வாக்கியம் சின்ன இடைவெளி விடுங்கள். முதல் ஆட்டத்தின்போது ஒருவரைத் தெருமுனைக்கு அனுப்பி, புரிகிறதா என்று கைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். நேரலைக்குத் தனி மைக், அல்லது மிக்ஸரிலிருந்து தனி வயர் கேளுங்கள். குழாய்ச் சத்தத்தைக் கேமரா மைக் பிடித்தால் வெளிநாட்டில் கேட்பவருக்கு எதுவும் விளங்காது.

பேசாமல் இருப்பதும் வேலைதான்

சென்ற வருடம் ஒரு கல்லூரிப் பையன், எங்கள் பக்கத்தில் வெகுகாலமாக மைக் பிடிக்கும் பெரியவரிடம் கேட்டான். “எப்படி அண்ணே விடிய விடிய நிறுத்தாம பேசுறீங்க?”

“நிறுத்தாம யாரு தம்பி பேசுனா? நல்லா கவனிச்சுப் பாரு. சனம் கத்துறப்ப நான் வாயே தொறக்க மாட்டேன்.”

1974 ஏப்ரலில் பேஸ்பால் வீரர் ஹேங்க் ஆரன் தன் 715ஆவது ஹோம் ரன்னை அடித்து பேப் ரூத்தின் சாதனையை முறியடித்தபோது வின் ஸ்கல்லி செய்ததும் அதுதான். பந்து வேலியைத் தாண்டியது என்று சொல்லி முடித்தார், பிறகு மைக்கை விட்டு விலகிக் கூட்டத்தின் ஆரவாரத்தைக் கேட்கவிட்டார். நெடுநேரம் கழித்துத்தான் மறுபடி பேசினார். லோனா விழுந்த நொடியில் ஊரே எழுந்து நிற்கும்போது உங்கள் குரல் அதற்கு மேல் ஏற வேண்டாம். ஆரவாரம் அடங்கும் நேரம் பார்த்து ஸ்கோரைச் சொல்லுங்கள், அது அம்பு மாதிரி போய்ச் சேரும்.

எதைப் பேசக் கூடாது என்பதில் நான் கண்டிப்பானவன். சாதிப் பெயரோ, சாதியைக் குறிக்கும் பட்டமோ, முழக்கமோ மைக்கில் வரக் கூடாது. யாராவது துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தாலும் படிக்காதீர்கள். அணியின் பதிவுப் பெயர் எதுவோ அது மட்டும். டெல்டாவில் ஒரு வார்த்தையால் ஒரு திருவிழாவே நின்றுபோக முடியும், பக்கத்துப் பக்கத்துத் தெருக்களுக்கு இடையே வருடக்கணக்கில் பகை நிற்க முடியும். “மானப் பிரச்சினை”, “பழிக்குப் பழி” போன்ற சொற்களையும் விடுங்கள். ஒரு அணி தோற்றால் அந்த ஊர் தோற்றதாகச் சொல்லாதீர்கள். பெண்கள் கபடியில் ஆட்டத்தை மட்டும் சொல்லுங்கள், உடை, தோற்றம், “பெண்ணாக இருந்தும்” எதுவும் வேண்டாம். அவர்களும் அதே 30 விநாடியில் அதே ஆபத்தைத் தாண்டித்தான் வருகிறார்கள்.

வீரர் அடிபட்டுக் கிடந்தால் காயத்தை விவரிக்காதீர்கள். அவர் அம்மா கேட்டுக்கொண்டிருக்கலாம். குரலைத் தாழ்த்தி, “வழி விடுங்கள், யாரும் ஆடுகளத்துக்குள் வர வேண்டாம்” என்று மட்டும் சொல்லுங்கள். கழுத்திலோ தலையிலோ அடி என்றால் தூக்கி உட்காரவைக்காமல் 108ஐ அழைக்கும்படி கமிட்டியிடம் சொல்லுங்கள். வண்டி வரும் பாதையில் நிற்கும் பைக்குகளை எடுக்கச் சொல்வதில் உங்கள் மைக் அந்த நேரத்தில் மற்ற எல்லாவற்றையும்விட உதவும்.

கமிட்டியின் துண்டுச்சீட்டுகள்

பரிசு உபயம் செய்தவர்கள், வந்திருக்கும் பெரியவர்கள், காணாமல் போன குழந்தை, சாவிக்கொத்து, அடுத்த ஆட்டத்துக்கு வர வேண்டிய அணிகள் என்று சீட்டு வந்துகொண்டே இருக்கும். குழந்தை என்றால் உடனே, ஆட்டத்தை நிறுத்தச் சொல்லியாவது. மற்றது எல்லாம் ரெய்டுக்கு நடுவே கிடையாது. டைம் அவுட், இடைவேளை, இரண்டு ஆட்டங்களுக்கு இடைப்பட்ட நேரம், இவற்றில் படிப்பதாகக் கமிட்டித் தலைவரிடம் முன்கூட்டியே ஒத்துக்கொள்ளுங்கள். உபயதாரர் பட்டியலை முன்னதாகவே எழுதி வாங்கி, எல்லோர் பெயரும் ஒரே எண்ணிக்கையில் வருகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். அதில் விட்டுப்போனால் வரும் மனவருத்தம் சின்னதல்ல.

நேர விஷயமும் உங்கள் பொறுப்பில் ஒரு பங்கு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக வருடத்தில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை அரசு தளர்வு கொடுக்கலாம். காவல் நிலைய அனுமதிக் கடிதத்தில் எத்தனை மணி வரை என்று போட்டிருக்கிறது என்பதை நீங்களே படித்துப் பாருங்கள், நகலைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நேரம் கடந்து ஆட்டம் ஓடினால் குழாய்களை நிறுத்திவிட்டு, நேரலைக்கு மட்டும் தாழ்ந்த குரலில் பேசலாம். பரீட்சை மாதங்களில் திடலை ஒட்டிய வீடுகளில் பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

தொண்டைக்கு: வெந்நீர் குடுவை ஒன்று சொந்தமாக. தை, மாசி இரவுப் பனியில் கழுத்தைச் சுற்றித் துண்டு. ஐஸ் போட்ட சோடா வேண்டாம். புழுதி கிளம்பும் மண் தரையாக இருந்தால் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். அடித்தொண்டையில் கத்தாமல் வயிற்றிலிருந்து குரலை எழுப்பப் பழகுங்கள். இரவு முழுக்க ஒருவரே பேச ஒப்புக்கொள்ளாதீர்கள். இன்னொருவரோடு சேர்ந்து போய், ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றிக்கொள்ளுங்கள். கரகரப்பு இரண்டு வாரம் தாண்டியும் நின்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வருமானமும் அடுத்த படியும்

தொடக்கத்தில் சொந்த ஊர்ப் போட்டியில் பணம் எதிர்பார்க்காமல் பேசுவீர்கள், அது சரிதான். வெளியூர் அழைப்பு வந்ததும் பேசித் தீர்த்துக்கொண்டு போங்கள்: எத்தனை இரவு, எத்தனை மணி நேரம், போக்குவரத்து யார் செலவு, சாப்பாடு, மழையால் நின்றுபோனால் என்ன, பதிவை யூடியூபில் போட்டு வருமானம் பார்ப்பவர் உங்களுக்கு என்ன தருவார். வாட்ஸ்அப்பில் எழுத்தாக இருக்கட்டும். வெட்கப்படுவதற்கு இதில் ஒன்றும் இல்லை, மைக் செட்டுக்கும் பந்தலுக்கும் முன்பணம் கொடுக்கும் கமிட்டி குரலுக்கும் கொடுக்கும்.

இது மட்டுமே வயிற்றைக் கழுவும் என்று நம்பி இருக்கும் வேலையை விட்டுவிடாதீர்கள். கபடிக் காலம் ஐந்து மாதம். மீதிக் காலத்தில் வாலிபால், பள்ளி விளையாட்டு விழா, கல்லூரி ஆண்டு விழா என்று தேடிக்கொள்ளலாம். திருச்சி வானொலி நிலையம் 1939 முதல் இயங்குகிறது, காரைக்காலிலும் நிலையம் இருக்கிறது. ஆகாசவாணி நிலையங்கள் தற்காலிக அறிவிப்பாளர்களைத் தேர்வு வைத்து, குரல் சோதனை செய்து எடுக்கின்றன. அறிவிப்பு வரும்போது தவறாமல் எழுதுங்கள். உச்சரிப்பில் ல, ள, ழ மூன்றும் தனித்தனியாக வர வேண்டும், செய்தித்தாளை உரக்கப் படித்து அதைச் சரிசெய்யுங்கள். சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றவர்கள் வானொலியில் தமிழ்க் கிரிக்கெட் வர்ணனைக்கு ஒரு தலைமுறைக் காதுகளைப் பழக்கினார்கள். தொலைக்காட்சியில் 2017இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸின் தமிழ் அலைவரிசை வந்தது, அதே வருடம் தமிழ் தலைவாஸ் அணியும் புரோ கபடியில் நுழைந்தது. தமிழில் கபடி சொல்லத் தெரிந்தவர்களுக்கான இடம் அதற்குப் பிறகு கூடியிருக்கிறது. அந்த இடத்துக்குப் போக நினைப்பவர் தன் நல்ல ஆட்டங்களிலிருந்து மூன்று நிமிடப் பதிவு ஒன்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும். வெட்டி ஒட்டாத, தொடர்ச்சியான மூன்று நிமிடம். லோனா விழும் நேரம் மட்டும் இல்லாமல், வெற்று ரெய்டுகள் வரும் மந்தமான பகுதியும் அதில் இருக்கட்டும். கேட்டுத் தேர்ந்தெடுப்பவர்கள் அந்த மந்தமான பகுதியில்தான் உங்களை அளப்பார்கள்.

ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, ஊர், அணிகள், எண்கள், ஸ்கோர், யார் எப்படி ஆடினார், அம்பயர் யார். அடுத்த வருடம் அதே அணி வேறு ஊரில் இறங்கும்போது, “போன மாசியில் கடைசி ரெய்டில் மூன்று பேரைத் தொட்டு வந்தவர் இவர்” என்று உங்களால் சொல்ல முடியும். அந்த அணியின் மேனேஜர் அன்றைக்கே உங்கள் எண்ணை வாங்கிக்கொள்வார். ஆட்டம் முடிந்ததும் தோற்ற அணியின் மேனேஜருக்கும் ஸ்கோர் தாளின் படத்தை அனுப்பிவைத்துவிட்டு, மைக் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு பக்கத்திலிருப்பவரிடம் பேச்சுக் கொடுங்கள்.